விலை இறங்கிவிட்டது, ஆனாலும் வாங்காதே

சாவகச்சேரி நண்பன் நேற்றுப் போனில் கேட்டான்: "மச்சான், நீ வானத்தைப் படமெடுக்கிற கமரா விலை இறங்கியிருக்காம். நானும் வாங்கட்டோ?" அவனிடமும் என்னுடையதைப் போலவே 8 அங்குல நியூட்டோனியன், அதாவது ஆடி வைத்த தொலைநோக்கி, குவியத் தூரம் 1000 மில்லிமீற்றர். மூன்று வருடம் இந்தக் கமராவோடு மல்லுக்கட்டியவன் நான். வாங்காதே என்றேன்.

கமராவில் பழுது ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் அதன் 2.4 மைக்ரோன் அளவுள்ள சின்னப் பிக்சல் மேல்தான். பிக்சல் அளவை 206ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு வானத்தில் அரை ஆர்க் செக்கன் வருகிறது (ஒரு பாகையை 3600 ஆக்கினால் ஒரு பங்குதான் ஆர்க் செக்கன்). வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டேன். நுணுக்கம் கூடினால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன், மடையன். எங்கள் வளவின் காற்றுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. காற்று அலைவதால் நல்ல இரவிலேயே ஒரு விண்மீன் 3 ஆர்க் செக்கன் அகலத்துக்கு ஊதிக் கிடக்கும், அதாவது ஆறு பிக்சல். சித்திரையில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து தெற்கே பனைகளுக்கு மேல் 33 பாகை உயரத்துக்கு வரும். ஐரோப்பாவில் பலருக்குக் கிடைக்காத கொத்து. அதை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் நனைந்த ரவையைக் கொட்டியது மாதிரி இருக்கிறது. ஓரமும் வெட்டுப்படும். போதாக்குறைக்கு ஒரு படம் 40 மெகாபைட். 200 படத்தை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி ஒரே படமாக்கக் கொடுத்தால் மடிக்கணினி விடியும்வரை முனகும். இப்போது நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்க்கும் 2க்கு 2 பின்னிங் போட்டுத்தான் எடுக்கிறேன். 20 மெகாபிக்சலுக்குக் காசு கொடுத்தவன் 5 மெகாபிக்சலோடு குடும்பம் நடத்துகிறேன்.

உன் தொலைநோக்கிக்கு 4.63 மைக்ரோன் பிக்சல் உள்ள கமராவைப் பார் என்றேன். ஒரு ஆர்க் செக்கனுக்குக் கிட்ட வரும், எங்கள் வானத்துக்கு அது காணும்.

சரி, ஒன்றை மறைக்கக்கூடாது. இந்தத் தையில் வியாழன் ஏறக்குறைய தலைக்கு நேரே வந்தது. குவியத் தூரத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ வில்லையைப் போட்டு வீடியோவாக எடுத்தேன். ஆயிரக்கணக்கான பிரேமில், காற்று ஒரு கணம் அடங்கியபோது விழுந்த சில நூறை மட்டும் பொறுக்கி அடுக்கினேன். பெருஞ்சிவப்புப் புள்ளியைச் சுற்றிப் பட்டை வளைந்து போவது அப்படியே தெரிந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கோ இந்தச் சாமத்தில எழுப்பினனீ?" என்றவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அப்ப உன்ரயை அரை விலைக்குத் தா."

தரமாட்டேன் என்றேன்.