டச் ஸ்க்ரீனுக்கு மட்டும் எவ்வளவு? ஆத்தங்குடிப் பட்டறைக்கு ஒரு லேப்டாப்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: “அண்ணே, டச் ஸ்க்ரீன் லேப்டாப் ஒண்ணு பாத்தேன். ஒரு லட்சத்துக்கு மேல சொல்றாங்க. அந்த டச்சுக்காக அவ்வளவு குடுக்கலாமா?”

லேப்டாப்புக்குக் கொடுக்கலாமா என்று கேட்கவில்லை, டச்சுக்குக் கொடுக்கலாமா என்றுதான் கேட்டார். வியாபாரி அல்லவா.

அவருடைய தேவை இதுதான். வீடு கட்டுகிறவர்கள் வருவார்கள். முகப்புக்கு ஒரு பூ, பட்டாலைக்கு ஒரு பூ, ஓரத்துக்குப் பார்டர் என்று கேட்பார்கள். பிறகு, “இந்தச் சிவப்புக்குப் பதிலாகப் பச்சை போட்டால் எப்படி இருக்கும்?” என்பார்கள். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, நிறம் ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவிட்டு, காயவைத்து மாதிரி காட்டுவதற்குள் நாள்கள் ஓடிவிடும். திரையில் மாற்றிக் காட்டினால் பேச்சு அங்கேயே முடியும். சரி, எதை வாங்குவது?

அவர் பார்த்து மயங்கியது மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் லேப்டாப், 2024-இல் வந்த ஏழாம் பதிப்பு. மயங்கியதில் தப்பில்லை. 13.8 அங்குலத் திரை 3:2 விகிதத்தில் உயரமாக இருக்கிறது. நான்கு டைல்ஸ் கல் சேர்ந்து ஒரு பூவாகும் டிசைனைப் பார்க்க, வழக்கமான அகலத் திரையைவிட இது எவ்வளவோ மேல். கீபோர்டும் அருமை. 2017-இல் வந்த முதல் சர்ஃபேஸ் லேப்டாப்புக்கு, பிரித்துப் பழுது பார்க்கும் வசதியில் ஐஃபிக்ஸிட் தளம் பத்துக்குப் பூஜ்ஜியம் போட்டது. ஏழாம் பதிப்புக்கு எட்டு கிடைத்திருக்கிறது.

ஆனால் டச்? இங்கேதான் எனக்குச் சண்டை. இந்தத் திரை பின்னால் ஓரளவு சாயும், படுக்காது. நிமிர்ந்து நிற்கும் திரையில் விரலால் வேலை செய்யத் தோளிலிருந்து கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கை கெஞ்சும். 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் இதே காரணத்தைச் சொல்லித்தான் ஆப்பிளின் மேக் கணினியில் தொடுதிரை வேண்டாம் என்றார். நம் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. சாய்வு மேசையில், கையை ஊன்றி எழுதித்தான் வட்டிக் கணக்கெல்லாம் பார்த்தார்கள்.

நானும் இப்படி ஒன்று வைத்திருந்தேன், வேறு கம்பெனியுடையது. முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் விரலாலேயே தொட்டேன். அப்புறம் சாப்பிட்டுக்கொண்டே பக்கம் தள்ள மட்டும். ஒருநாள் மூடும்போது பேனா ஒன்று நடுவில் சிக்கித் திரையில் விரிசல் விழுந்தது. தொடுகண்ணாடியும் திரையும் ஒட்டியே வருவதால் மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த விலையைக் கேட்டுவிட்டு, இன்னும் விரிசலோடுதான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு சங்கடம். இந்த ஏழாம் பதிப்பை முதலில் ஸ்னாப்டிராகன் என்ற வேறு வகைச் சிப்போடுதான் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான மென்பொருள் ஓடும். ஆனால் பட்டறையில் இருக்கும் பழைய பிரிண்டருக்கு அந்தச் சிப்புக்கென்று எழுதிய டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) இல்லையென்றால் பில் அச்சாகாது.

அடுத்தது மேக்புக் ஏர். எம்4 சிப்போடு 2025-இல் வந்தபோது விலை 99,900 ரூபாய், 16 ஜிபி நினைவகம். டச் கிடையாது. ஆனாலும் பட்டறைக்கு இதில் ஒரு நல்ல குணம் உண்டு: உள்ளே விசிறி இல்லை. சிமெண்ட் தூசி பறக்கும் இடத்தில், காற்றை உறிஞ்சும் இயந்திரம் தூசியையும் சேர்த்தே உறிஞ்சும். (சித்திரை வெயிலில் நீண்ட நேரம் கனமான வேலை கொடுத்தால் வேகம் குறையும், அதையும் சொல்லிவிடுகிறேன்.) தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் அதிலேயே இருக்கின்றன. வரையத்தான் வேண்டும் என்றால் ஐபேடும் அதில் வரையும் ஆப்பிள் பென்சிலும் தனியே வாங்கி, மேக்கின் இரண்டாம் திரையாக வைத்துக்கொள்ளலாம். வசதிதான், ஆனால் பில் இரண்டு. தம்பி மேலே கேட்கவில்லை.

சாதாரண லேப்டாப்போடு சில ஆயிரத்துக்கு ஒரு பேனாப் பலகை (அதன்மேல் வரைந்தால் திரையில் தெரியும்) வாங்குவதும் ஒரு வழி. டிசைன் மட்டும் போடுகிறவருக்கு அதுவே போதும். ஆனால் கல் வாங்க வந்தவர் கையில் அதைக் கொடுக்க முடியாது.

மிச்சம் இருப்பது முழுதாக மடங்கும் ரகம். 2012-இல் லெனோவோ யோகா என்று வந்ததைப் பார்த்து இப்போது பல கம்பெனிகள் போடுகின்றன. கூடாரம்போல் கவிழ்த்து வைத்தால் திரை எதிரில் இருப்பவர் பக்கம் திரும்பி நிற்கும். மேசையில் படுக்கவும் வைக்கலாம். ஆச்சி ஒருவர் வந்து உட்கார்ந்து தன் விரலாலேயே சிவப்பைப் பச்சையாக்கிப் பார்க்கலாம். டச்சுக்குக் கொடுத்த காசு இங்கேதான் திரும்பி வரும். எழுபது, எண்பதாயிரத்திலேயே கிடைக்கிறது. எடை சற்றுக் கூடுதல். விசிறி இருக்கிறது, ஆகவே மேசையைத் தூசியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

இந்த ரகத்தில் பார்க்க வேண்டியது நிறம். மலிவான லேப்டாப் பலவற்றில் 45 சதவீத என்டிஎஸ்சி திரையை, அதாவது நிறங்களைக் குறைவாகவே காட்டும் திரையைப் போட்டுவிடுவார்கள். அதில் நல்ல செங்காவிகூட வெளுத்துத் தெரியும். திரையில் பார்த்துத் தலையாட்டியவர், லாரியில் இறங்கிய கல்லைப் பார்த்து, “நான் கேட்ட கலர் இது இல்லையே” என்பார். விவரப் பட்டியலில் நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி (திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு) என்று இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். ஒரு லட்சத்துக்கு மேல் போகும் திரைகளில் இந்தக் கவலை பெரும்பாலும் இருக்காது. விலையில் ஒரு பங்கு அதற்குத்தான். சர்ஃபேஸுக்குப் பணம் கொடுப்பதானால் அந்தத் திரைக்கும் கீபோர்டுக்கும் கொடுக்கலாம். ஆராய்ச்சி எழுதும் பிள்ளை கேட்டால் நானே வாங்கச் சொல்வேன். டச்சுக்காக என்றால் மாட்டேன்.

“அதெல்லாம் கடைக்காரர் சொல்றத எப்படிண்ணே நம்புறது?” என்றார் தம்பி. மறுநாள் காரைக்குடிக்கு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே ஒரு சிவப்புக் கல். கடையில் மடங்கும் லேப்டாப்புகளை வரிசையாகத் திறக்கச் சொல்லி, அந்தக் கல்லை செல்போனில் படம் எடுத்து ஒவ்வொன்றிலும் ஏற்றி, கல்லைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். கடைப் பையன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மூன்றாவது திரையில் கல்லும் படமும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தன. தம்பி கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, “இதுல கடைசியா என்ன வெல சொல்றீங்க?” என்று ஆரம்பித்தார்.