பெற்றுக்கொள்வதா, வேண்டாமா: கைகளை எண்ணிப் பார்த்த கணக்கு

சென்ற மாதம் எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியை ஒருவர், இடைவேளையில் தேநீரை ஆற்றிக்கொண்டே, "அக்கா, நீங்கள் ஏன் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை என்று கேட்கலாமா?" என்றார். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் அனுமதி கேட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான். தைப்பூசக் காவடியன்று பால்குடத்தோடு வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது ஓர் உறவினர் அருகில் வந்து, எனக்காகவும் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பதாகக் கூறிவிட்டுப் போவார். என்ன வார்த்தை என்று சொல்லவும் மாட்டார், நான் கேட்கவும் மாட்டேன். இந்தப் பெண் கேட்டதோ வம்புக்காக அல்ல. அவருக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்குப் பிள்ளை வேண்டும், அவருக்கோ இன்னும் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. அன்று மணி அடித்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் எந்தப் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. எனக்கும் என் கணவருக்கும் பிள்ளை இல்லை. மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. 2013ஆம் ஆண்டு இருவரும் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் இன்றும் பெரும்பாலான நாட்களில் எனக்கு நிறைவே இருக்கிறது. ஆகவே நான் எழுதுவதை நடுநிலையானது என்று எண்ணிப் படிக்க வேண்டாம்.

முதலில் பணம். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொரிஷியஸில் பிள்ளை வளர்ப்பதற்குப் பணமே தடை என்று சொல்பவர்களை நான் முழுமையாக நம்புவதில்லை. இடைநிலைக் கல்வி 1977 முதல் இலவசம். மாணவர்களுக்குப் பேருந்துப் பயணம் 2005 முதல் இலவசம். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்பு 2019 முதல் இலவசம். ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வை நினைத்து நடுங்கும் பெற்றோர் தனிப்பாட வகுப்புகளுக்குக் கொட்டிக் கொடுக்கும் தொகை வேறு கதை. ஆசிரியை என்ற முறையில் அதைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது. எப்படியாயினும், இருவர் சம்பாதிக்கும் எங்கள் வீட்டில் பணம் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

அடுத்து, முதுமையில் யார் பார்ப்பார்கள், கொள்ளி யார் வைப்பார்கள் என்ற கேள்வி. கொள்ளி வைக்க என் கணவரின் தங்கை மகன் இருக்கிறான். வீட்டைப் பொறுத்தவரை, உயில் எழுதாமல் போனால் அது யார் யாருக்கோ பிரிந்து போகும் என்பதால், நோத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதும் சட்ட அலுவலரிடம், போய் எழுதி வைத்துவிட்டோம். முதுமைத் துணை என்ற வாதத்தை என் தெருவே பொய்யாக்குகிறது: எதிர்வீட்டில் நான்கு பிள்ளைகளைப் பெற்றவர் தனியாகத்தான் இருக்கிறார், இருவர் மெல்போர்னில், ஒருவர் டொராண்டோவில், இங்கேயே இருக்கும் நான்காமவர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. படிக்க வைத்து அனுப்பியவர் அந்தத் தாய்தான்; அதைப் பெருமையாகச் சொல்பவரும் அவர்தான்.

நாட்டுக்காகவும் தமிழுக்காகவும் பெற வேண்டும் என்பது மூன்றாவது வாதம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பாயியின் நினைவு வரும். 1949இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புக்குப் பிறகு இந்தத் தீவில் இறப்பு குறைந்து மக்கள்தொகை பாய்ந்து ஏறியது. 1960களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 6 பிள்ளைகள். ரிச்சர்ட் டிட்மஸ், ஜேம்ஸ் மீட் போன்ற அறிஞர்கள் இங்கே வந்து ஆராய்ந்து, இப்படியே போனால் இந்தத் தீவு தாங்காது என்று 1961இல் அறிக்கை எழுதினார்கள். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் ஒன்பது பெற்ற அப்பாயியிடம் செவிலி வந்து, போதும் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாராம். இன்று அந்தச் சராசரி 1.5க்கும் கீழே இறங்கிவிட்டது. இப்போது என்னிடம் வந்து, ஒன்றாவது பெற்றிருக்கலாமே என்கிறார்கள். நாட்டின் தேவை அறுபது ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டது. ஒரு பிள்ளை என்னோடு வாழப்போவதும் ஏறத்தாழ அத்தனை ஆண்டுகள்தான். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை புரளும் ஒன்றை நம்பி நான் எப்படி முடிவெடுப்பது? தமிழைப் பொறுத்தவரை, வீட்டில் கிரியோல் பேசும் இருபது பிள்ளைகளுக்கு நாள்தோறும் உயிரெழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். என் பங்கு அதுவென்று வைத்துக்கொள்கிறேன்.

இனி, எங்கள் முடிவைத் தீர்மானித்த ஒரே காரணத்துக்கு வருகிறேன். அது கை. பணமும் அன்பும் இருந்தும் கை இல்லாமல் போகலாம். அதாவது, பிள்ளை காய்ச்சலோடு எழும் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, வேறு எந்த வேலையிலும் மாட்டிக்கொள்ளாமல் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரின் கை.

பழைய வீடுகளில் அது தாராளமாக இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பாயி ஒன்பது பெற்று ஏழு பிள்ளைகளை வளர்த்தெடுத்தார் என்று எங்கள் குடும்பத்தில் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் அவர் விடியற்காலையில் கரும்பு வயலுக்குப் போய்விட்டால் அந்த ஏழு பேரையும் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டால், பதில் என் பெரிய அத்தை. நான்காம் வகுப்போடு அவரை நிறுத்திவிட்டார்கள். என் தந்தைக்குத் தலைவாரி விட்டது அவர், சோறு ஊட்டியது அவர், பள்ளி வாசல்வரை கொண்டு விட்டதும் அவர்தான். அந்த வாசலுக்குள் அவர் பிறகு போகவே இல்லை. கூட்டுக் குடும்பத்தின் தாராளமான கைகள் என்று நாம் ஏங்கிப் பேசுவதில் பெரும்பகுதி இப்படிப் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்ட சிறுமிகளின் கைகள். அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் அந்தக் கைகளின் இடத்தில் வேறு எவை வந்தன என்று கேட்காமல், அப்பாயி ஒன்பது வளர்த்தாரே, உன்னால் ஒன்று முடியாதா என்று கேட்பது நியாயமில்லை.

பாட்டிமார்கள் வந்தார்கள் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லலாம். இந்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் அறுபது வயதில் எல்லோருக்கும் கிடைத்தது. அதை வாங்கத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்ட பெண்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். என் நாத்தனாரின் இரு பிள்ளைகளும் அப்படித்தான், அவருடைய மாமியார் மடியில் வளர்ந்தார்கள். 2025 ஜூன் மாத வரவுசெலவுத் திட்டத்தில் அந்த வயதைப் படிப்படியாக 65 ஆக்குவதாக அறிவித்தபோது தெருவில் இறங்கிப் போராடியவர்கள் பணத்தைப் பற்றிப் பேசினார்கள்; பேசியதும் சரிதான். பாட்டியின் கை ஐந்தாண்டு தள்ளிப்போகிறது என்பதை மட்டும் நான் எங்கும் கேட்கவில்லை. தந்தையின் கையைச் சட்டம் சற்றே நீட்டியிருக்கிறது: நாங்கள் முடிவெடுத்தபோது தந்தைக்கு விடுப்பு 5 வேலை நாட்கள், 2024இல் அது 4 வாரம் ஆகியிருக்கிறது. அந்த நான்கு வாரத்துக்குப் பிறகு கார்தெரி என்னும் குழந்தைக் காப்பகம்தான். நல்ல கார்தெரிகள் இருக்கின்றன. ஆனால் காய்ச்சல் கண்ட பிள்ளையை எந்தக் கார்தெரியும் வைத்துக்கொள்ளாது.

எங்கள் வீட்டில் 2013இல் இருந்தவர்கள் மூவர். நான் பள்ளியில். கணவர் மேற்குக் கடற்கரை விடுதி ஒன்றின் வரவேற்புப் பகுதியில்; காலை, மாலை, இரவு என்று முறை மாறிக்கொண்டே இருக்கும், ஊரே விடுமுறையில் இருக்கும் டிசம்பரில் அவருக்கு மூச்சுவிடவும் நேரம் இருக்காது. மூன்றாமவர் என் மாமியார். பாட்டியாக வேண்டிய வயதில் இருந்த அவருக்கு, இந்தத் தீவில் பலருக்கும் போலவே, சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. 2012 முதல் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். இயந்திரத்தில் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போகவர, காத்திருக்க, இரத்தம் நின்றதா என்று பார்க்க என்று சேர்த்தால் ஆறு மணி நேரம். வாரத்துக்குப் பதினெட்டு. அரசு மருத்துவமனை என்பதால் பணம் கேட்கவில்லை. ஆனால் ஆள் வேண்டும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரித்துச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் முடிவு அங்கேதான் உருவானது. டயாலிசிஸ் ஊசி செலுத்துவதற்காக மாமியாரின் இடது முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு காலையும் நான் இரண்டு விரலை அங்கே வைத்துப் பார்ப்பேன். பூனையின் தொண்டையைத் தொட்டதுபோல் ஓர் அதிர்வு ஓடும். அது ஓடினால் பள்ளிக்குப் போகலாம். ஓடவில்லை என்றால் இரத்தம் உறைந்திருக்கிறது என்று பொருள், அப்படியே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் வேறு ஊசி போடக்கூடாது, அழுத்தம் பார்க்கக்கூடாது, பை தூக்கக்கூடாது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் நீர் குடிக்கக்கூடாது என்பதால் பச்சை நிறக் குடுவை ஒன்றில் காலையிலேயே அளந்து வைத்துவிடுவோம். வெயில் நாட்களில் மதியத்துக்குள் அது தீர்ந்துபோய், வெறும் குடுவையை அவர் சாய்த்துப் பார்ப்பதை நான் பார்க்காததுபோல் இருந்துகொள்வேன். வாழைப்பழம், இளநீர், தக்காளி எல்லாம் விலக்கு. உருளைக்கிழங்கைத் தண்ணீர் மாற்றி இருமுறை வேகவைத்துக் கொட்ட வேண்டும். வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் கோவில் விருந்துகளில் அவர் இலையில் எதை விடலாம் என்று நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கண்காட்டுவேன்.

அந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரின் வேலை முறைத்தாளையும் என் பள்ளி அட்டவணையையும் மாமியாரின் மருத்துவமனை அட்டையையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கைக்குழந்தையை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தேடினோம். இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் வேலையை விட்டால் இடம் இருந்தது. என் பெரிய அத்தையைப் பள்ளியிலிருந்து எடுத்ததுபோல என்னையும் எடுத்தால் சரியாகப் பொருந்தியது. அப்படி நினைத்த கணத்தில்தான் என் பக்கம் முடிவாகிவிட்டது. கணவர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். மாமியாரிடம் அவர்தான் சொன்னார். மாமியார் ஒன்றும் சொல்லாமல், அன்றைக்கு மீதமிருந்த நீரை முழுதும் ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

2018இல் மாமியார் காலமானார். அப்போது கைகள் விடுபட்டுவிட்டனவே, பிறகு ஏன் பெறவில்லை என்று நியாயமாகவே கேட்பார்கள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு, இருவரும் சோர்ந்திருந்தோம். கூடவே, சில மாதங்களில் அந்த விடுபட்ட கைகளின் சுகமும் பழகிவிட்டது. மாலையில் படிக்கிறேன், ஓய்வு நாளில் இருவரும் நடக்கிறோம், நாத்தனார் பிள்ளைகளுக்கு அவசரம் என்றால் உடனே போக முடிகிறது. இதைத் தன்னலம் என்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான், மறுக்கவில்லை.

மறுபக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதுவும் கடன் வாங்கிய அனுபவம். நாத்தனார் மகளுக்கு ஐந்து வயதானபோது ஒருமுறை கியூர்பிப்பிலிருந்து பேருந்தில் அழைத்து வந்தேன். மழை. அவள் என் தோளில் தூங்கிவிட்டாள். கை மரத்துப்போன பிறகும் மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோம். பிள்ளை பெற்றவர்களுக்கு இது ஒவ்வொரு நாளும் இருக்குமா, அல்லது இத்தகைய ஒரு நாளுக்காக மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்கிறார்களா என்று நாத்தனாரிடம் கேட்டேன். இரண்டும் இல்லை, எண்ணிப் பார்க்க நேரமே இருந்ததில்லை என்றார். அவர் பொய் சொல்பவர் அல்லர். களைத்துப் போயிருக்கிறார், மாற்றிக்கொள்ளவும் மாட்டார். என் நிறைவை அவருடைய நிறைவோடு பக்கத்தில் வைத்து அளக்க என்னிடம் அளவுகோல் இல்லை. எழுபது வயதில் என்ன நினைப்பேன் என்றும் இப்போது சொல்ல முடியாது. தத்தெடுப்பதைப் பற்றியும் நான் பேசத் தகுதியற்றவள். நாங்கள் அந்த வழியில் ஒரு படிவம்கூட நிரப்பிப் பார்த்ததில்லை.

எனவே அந்த இளம் ஆசிரியையிடம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் இடைவேளையில் ஒரு தாளைக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி என்று தலைப்பிட்டு, அந்த நேரத்தில் வெறுங்கையோடு இருப்பவர்களின் பெயர்களை எழுதச் சொன்னேன். தன் பெயரை முதலில் எழுதினார். நான் ஏன் என்று கேட்டதும் அடித்துவிட்டுச் சிரித்தார். கணவர் பெயரை எழுதி, அவர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாட்களை அடைப்புக்குறிக்குள் குறித்தார். பிறகு தன் தாயின் பெயர். ஐம்பத்தெட்டு வயது, தையல் ஆலையில் வேலை, எதிர்பார்த்ததைவிட இன்னும் சில ஆண்டுகள் போக வேண்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவையே கேட்டுவிடுகிறேன் அக்கா என்று தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.