ஒற்றை விரல் டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல்: ஐந்து வருஷ அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலையில் இறங்கியது பழைய லேப்டாப்பின் டச்பேடில் இரண்டு விரலை வைத்து இழுத்துப் பக்கத்தை நகர்த்தும் இரண்டு விரல் ஸ்க்ரோலுக்காக, இன்றைக்குக் கையில் நிலைத்திருப்பது வேறு ஒன்று. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது 2008இல் வாங்கியது. 15.4 அங்குலத் திரை, கோர் 2 டுயோ, 4 ஜிபி ராம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டதிலிருந்து வேகத்துக்குக் குறைவில்லை. பேட்டரி போய்ப் பல வருஷம் ஆகிறது, சார்ஜர் வயரில் கால் இடறினால் மொத்தமும் அணைந்துவிடும். ஆனால் அந்தக் கீபோர்டு! மூன்று மணி நேரம் தட்டினாலும் விரல் நோகாது, இப்போது வரும் தட்டைக் கீபோர்டுகளில் அந்தச் சுகம் இல்லை. அதற்காகவே வைத்திருக்கிறேன். குறை என்றால் டச்பேட் ஒன்றுதான். இரண்டு தீப்பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான் இருக்கும். வலது ஓரத்தில் ஸ்க்ரோலுக்காகப் போட்டிருந்த கோடு எப்போதோ தேய்ந்துவிட்டது, நடுவில் ஒரு இடம் மட்டும் வழுக்கையாகப் பளபளக்கிறது.

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை. ஆப்பிள் 2005 தொடக்கத்தில் தன் பவர்புக் லேப்டாப்பில் இரண்டு விரல் ஸ்க்ரோலைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பவர்புக், ஐபுக் வைத்திருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். அவர்களுக்காக வெளியில் ஒருவர் டச்பேட் டிரைவரையே (பேடைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை) மாற்றி எழுதி ஐஸ்க்ரோல்2 என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்தார். பழைய பேட் கொடுக்கும் தகவலிலேயே விஷயம் இருந்தது, ஆப்பிளின் டிரைவர்தான் அதை எடுத்துப் பயன்படுத்தவில்லை. விண்டோஸ் பக்கமும் இதே கதைதான், டூஃபிங்கர்ஸ்க்ரோல் என்று ஒரு சின்னக் கருவி இருந்தது. டச்பேட் தயாரிக்கும் சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் டிரைவர் ஏற்கெனவே இருக்கவேண்டும், அதன் மேல் இது உட்கார்ந்துகொண்டு இரண்டு விரலைக் கவனித்து ஸ்க்ரோலாக மாற்றும். ஆபீசில் அப்போது இருந்த லேப்டாப்பில் போட்டேன், போட்ட நிமிஷமே வேலை செய்தது. அதே ஜோரில் வீட்டுக்கு வந்து என்னுடையதில் போட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை.

ஏன் என்று தோண்டியபோதுதான் பேடின் உள்கதை தெரிந்தது. சாதாரணமாக அது தன்னை ஒரு மவுஸ் என்றே கணினிக்கு அறிமுகம் செய்துகொள்ளும், இவ்வளவு நகர்ந்தேன் என்று மட்டும் சொல்லும். டிரைவர் கேட்டுக்கொண்டால் ‘அப்சல்யூட்’ முறைக்கு மாறி, ஆறு பைட் தகவலை நொடிக்கு 80 தடவை வரை அனுப்பும். அதில் எக்ஸ், ஒய் இரண்டும் விரல் இருக்கும் இடம். இசட் அழுத்தம், 0 முதல் 255 வரை. அழுத்தம் என்று பெயர்தானே தவிர, விரல் எவ்வளவு பரப்பில் படுகிறது என்பதைத்தான் அது அளக்கிறது, சும்மா பட்டையாக வைத்தாலே எண் ஏறிவிடும். நான்காவது டபிள்யூ. அது 0 என்றால் இரண்டு விரல், 1 என்றால் மூன்றோ அதற்கு மேலோ, 4 முதல் 15 வரை என்றால் ஒரு விரல், அதன் அகலம் இவ்வளவு. ஆபீஸ் லேப்டாப்பின் பேடுக்கு 0 அனுப்பத் தெரியும். என்னுடையதற்குத் தெரியாது, அகலம் மட்டும் சொல்லும். இரண்டு விரல் வைத்தால் ‘ஒரு குண்டு விரல் வந்திருக்கிறது’ என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். பேடுக்கே தெரியாததை மேலே உட்கார்ந்திருக்கும் கருவி எங்கிருந்து கொண்டுவரும்?

சரி என்று விட்டுவிட்டேன். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கு ஆதரவு நின்றபோது இந்த லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பை வைத்தேன். லினக்ஸின் பழைய சினாப்டிக்ஸ் டிரைவரில், சரியாக என்னுடையது மாதிரி பேடுகளுக்காகவே ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. எமுலேட்டூஃபிங்கர்மின்இசட், எமுலேட்டூஃபிங்கர்மின்டபிள்யூ என்று இரண்டு அமைப்புகள். அழுத்தமும் அகலமும் நாம் சொல்லும் எண்களை ஒரே நேரத்தில் எட்டினால், அதை இரண்டு விரல் என்றே எடுத்துக்கொள்ளும். குண்டு விரலா, சரி, இரண்டு விரல் என்றே வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

டெபியனில் இப்போது தானாக வருவது லிப்இன்புட் டிரைவர். அதில் இந்த வித்தை கிடையாது, ஒற்றை விரல் பேட் என்றால் ஓர ஸ்க்ரோல்தான் கொடுக்கும். பழைய சினாப்டிக்ஸ் பொதியைத் தனியாக நிறுவவேண்டும். நிறுவியதும் அதன் அமைப்புக் கோப்பு 70 என்ற எண்ணோடு தொடங்கும், லிப்இன்புட்டினுடையது 40, பின்னால் படிக்கப்படுவது ஜெயிக்கும் என்பதால் வேறு எதையும் நீக்கத் தேவையில்லை. லாக் அவுட் செய்து வந்தால் போதும்.

அடுத்து எண்கள். இங்கேதான் அவசரப்படக் கூடாது. யாரோ கொடுத்த எண்ணை அப்படியே போட்டால் வேலைக்கு ஆகாது, அது அவர்கள் விரல். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்திக் கருப்புத் திரைக்குப் போய், பேட் அனுப்பும் எண்களை அப்படியே காட்டும் எவ்டெஸ்ட் என்ற கட்டளையை ஓட்டி, டச்பேடைத் தேர்ந்தெடுத்தேன். விரல் பட்டதும் எண்கள் மழையாகக் கொட்டுகிறது. ஒரு பேப்பரை எடுத்து எழுதிக்கொண்டேன். ஆள்காட்டி விரல் சாதாரணமாக நகரும்போது இசட் 45 முதல் 60, டபிள்யூ 4 அல்லது 5. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டிவைத்தால் இசட் 95க்கு மேல், டபிள்யூ 8 அல்லது 9. விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கின்றன, ஒட்டித்தான் வைக்கவேண்டும். வில்லன் கட்டைவிரல். அது தனியாகவே இசட் 80, டபிள்யூ 7 காட்டியது. எனவே இசட்டுக்கு 88, டபிள்யூவுக்கு 8 என்று வைத்தேன். கட்டைவிரல் தப்பித்தது, இரட்டை விரல் மாட்டியது.

முதல் நாள் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பன்னிரண்டு வயசு லேப்டாப், இரண்டு விரலை வைத்து இழுக்கிறேன், பக்கம் நகர்கிறது. டிரைவரின் அமைப்பை அந்த நேரத்துக்கு மட்டும் மாற்றும் சின்கிளையண்ட் கட்டளையில் கொடுத்த எண்கள் அத்தனையும் ரீஸ்டார்ட் ஆனதும் காணாமல் போய்விட்டன என்பது வேறு விஷயம். அந்தக் கட்டளை சோதனைக்கு மட்டும்தான். முடிவான எண்களை, லினக்ஸில் எக்ஸ்11 திரை முறையை நடத்தும் எக்ஸ்ஓஆர்ஜியின் அமைப்புக் கோப்பில் எழுதினால்தான் நிற்கும். கோப்பைக் கணினி வைத்திருக்கும் இடத்திலேயே திருத்தாமல், நம் சொந்த அமைப்புகளுக்கான எட்சி (etc) அடைவுக்குள் பிரதி எடுத்துத் திருத்துங்கள், அப்போதுதான் அப்டேட் வந்தாலும் அழியாது.

ஒரு மாசம் கழித்துத்தான் குறைகள் வந்தன.

முதல் குறை, அடுத்தவர் விரல். அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான், ஆள் ஆறடி, விரலும் அதற்கேற்றபடி. பிரவுசரைத் திறந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, “மாமா, இது என்ன தானா ஓடுது?” என்றான். கர்சரை நகர்த்த அவன் ஒரு விரல் வைத்தாலே அது என் இரண்டு விரலுக்குச் சமம். இதற்குத் தீர்வே கிடையாது, யுஎஸ்பி மவுஸைக் கொடுத்துவிட்டேன். என் விரலிலேயே காலையில் ஒரு அகலம், மதியம் சாப்பிட்டுக் கை கழுவி ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்தால் ஒரு அகலம். மே மாசப் புழுக்கத்தில் வியர்வையோடு தொட்டால் இசட் சும்மாவே 20, 30 கூடிவிடுகிறது.

இரண்டாவது குறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. சில நாள் கர்சர் நடுங்கும், ஸ்க்ரோல் வெட்டி வெட்டி ஓடும், சில நாள் எண்ணெய் போட்ட மாதிரி போகும். டிரைவரைச் சந்தேகப்பட்டேன், கெர்னலைச் சந்தேகப்பட்டேன், பேடைக் கழற்றி ரிப்பன் கேபிளைத் துடைத்துக்கூடப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் வீட்டின் பிளக் பாயிண்ட். ஹாலில் இருப்பதற்கு எர்த் சரியாக இருக்கிறது, என் மேஜை ஓரத்தில் இருப்பதற்கு மூன்றாவது துளை அழகுக்கு மட்டும், பின்னால் வயரே இல்லை. சார்ஜரின் இரைச்சல் எர்த்துக்குப் போக வழியில்லாமல் பேடில் வந்து நிற்கிறது, விரல் பட்டால் மாறும் கெப்பாசிட்டன்ஸை (மின்தேக்கத்தை) அளக்கும் பொருள் அல்லவா, அதற்கு எது விரல் எது இரைச்சல் என்று குழம்பிவிடுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் வயர் இழுத்துக் கொடுத்த அன்றைக்கே நடுக்கம் நின்றது. உங்கள் பேட் அடம்பிடித்தால் டிரைவரைத் தொடும் முன் சார்ஜர் பிளக்கை வேறு இடத்தில் மாட்டிப் பாருங்கள்.

மூன்றாவது கோஸ்டிங். விரலைச் சுண்டி எடுத்தால் பக்கம் அதுவாகவே கொஞ்ச தூரம் உருண்டு நிற்கும், போனில் வருவது மாதிரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த உருளலைச் செய்வது பிரவுசர் இல்லை, டிரைவர். விரலை எடுத்த பிறகும் அது ஸ்க்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் கண்ட்ரோல், சி அழுத்தப் போனால் கண்ட்ரோலும் ஸ்க்ரோலும் சேர்ந்துகொள்ளும், சேர்ந்தால் ஜூம். எழுத்து ஒரேயடியாக எறும்பு சைஸுக்குப் போய்விடும். நாலு தடவை பட்டபிறகு கோஸ்டிங்ஸ்பீடை 0 ஆக்கிவிட்டேன்.

தட்டும்போது உள்ளங்கை பட்டு ஸ்க்ரோல் ஆவதைத் தடுக்க சின்டீமன் என்ற சின்ன நிரல் போதும். கீபோர்டில் தட்டிக்கொண்டிருக்கும் வரை பேடை ஊமையாக்கி வைக்கும், விட்டு ஒரு நொடி கழித்துத் திறந்துவிடும். எக்ஸ்எஃப்சிஇ தொடங்கும்போதே ஓடுமாறு போட்டுவிட்டேன், அதோடு மறந்துவிட்டேன்.

இப்படி எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஓடியது. ஒருநாள் வேறு எதையோ தேடி டிரைவரின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது சர்க்குலர்ஸ்க்ரோலிங் கண்ணில் பட்டது. பேடின் ஓரத்தில் விரலை வைத்துத் தொடங்கி, எடுக்காமல் வட்டமாகச் சுற்றவேண்டும். வலஞ்சுழியாகச் சுற்றினால் பக்கம் கீழே, இடஞ்சுழியாகச் சுற்றினால் மேலே. கோலம் போடுகிற மாதிரி இருக்கிறதே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. போட்டுப் பார்த்தேன். ஒரு விரல் போதும், அதனால் அகலம், அழுத்தம் எதுவும் பார்க்கத் தேவையில்லை. ஈரக் கை, வியர்வை, ஆறடி மருமகன், எல்லாருக்கும் ஒரே மாதிரி. எல்லாவற்றையும்விட முக்கியம், பேட் சின்னதாக இருப்பது இதில் குறையே இல்லை. இரண்டு விரலால் இழுத்தால் நாலு சென்டிமீட்டரில் ஓரம் வந்துவிடும், விரலை எடுத்து மறுபடி மேலே வைத்து இழுக்கவேண்டும், இருநூறு பக்கப் பிடிஎஃப்பில் அது தண்டனை. வட்டத்துக்கு முடிவு ஏது? சுற்றிக்கொண்டே இருக்கலாம், வேகமாகச் சுற்றினால் வேகமாக, மெதுவாகச் சுற்றினால் வரி வரியாக. விண்டோஸில் இதே சங்கதியை சினாப்டிக்ஸ் கைரல்மோஷன் என்ற பெயரில் கொடுத்திருந்தது, அத்தனை வருஷம் அந்த டிரைவரை வைத்திருந்தும் அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

தொடங்கும் இடத்தை வலது மேல் மூலை மட்டும் என்று வைத்திருக்கிறேன், அதற்கு எண் 2. எல்லா ஓரத்தையும் திறந்துவிட்டால் கர்சரை ஓரத்துக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் பக்கம் ஓடும். இரட்டை விரல் வித்தையை இப்போது அணைத்தே வைத்திருக்கிறேன், ஆறு மாசத்துக்கு ஒரு முறை ஆசைக்குப் போட்டுப் பார்ப்பதோடு சரி.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்காக ஒரு பத்தி. வீட்டில் இன்னொரு லேப்டாப், நாலைந்து வருஷம் புதியது, பேடுக்கு உண்மையிலேயே இரண்டு விரல் தெரியும். வேறு மாடலுக்காக வந்த பிரிசிஷன் டிரைவரை (விண்டோஸின் சொந்தச் சைகைகளைப் பேடுக்குக் கொடுப்பது) எடுத்து அதில் ஏற்றுவது அப்போது எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலை. நானும் செய்தேன். டிரைவரை நிறுவும் விவரம் இருக்கும் ஐஎன்எஃப் கோப்பைத் திருத்தினால் அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும், 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் எஃப்7 அழுத்திச் சோதனையை அணைத்துவிட்டுத்தான் ஏற்றவேண்டும். முதல் தடவை பேடே செத்தது, மவுஸை வைத்து மீட்டேன். இரண்டாவது தடவை அருமையாக வந்தது, மூன்று விரல் சைகைகூட. அடுத்த பெரிய அப்டேட்டில் பழைய டிரைவர் தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி வந்தது. நாலாவது முறைக்கு எனக்குப் பொறுமை இல்லை. செய்வதானால் ரீஸ்டோர் பாயிண்ட் எடுத்துக்கொண்டு, யுஎஸ்பி மவுஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

என் லினக்ஸ் ஏற்பாட்டுக்கும் எத்தனை நாள் ஆயுள் என்று யோசிக்காமல் இல்லை. சினாப்டிக்ஸ் டிரைவரில் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை, பராமரிப்பு மட்டும்தான். எக்ஸ்11க்குப் பதிலாக வந்திருக்கும் வேலேண்ட் என்ற புதிய திரை முறையில் அது ஓடவே ஓடாது, அங்கே லிப்இன்புட் ஒன்றுதான் வழி, லிப்இன்புட்டில் வட்டம் கிடையாது. கினோம் என்ற டெஸ்க்டாப் தன் 3.20 பதிப்பிலேயே இந்த டிரைவரைக் கைகழுவிவிட்டது. அதனால்தான் எக்ஸ்எஃப்சிஇயும் எக்ஸ்11மாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டெபியன் 10இல் எழுதிய அமைப்புக் கோப்பு 12 வரை ஒரு எழுத்து மாறாமல் வந்திருக்கிறது. மொத்தம் பதினான்கு வரி. பென்டிரைவில் ஒரு பிரதி, மெயிலில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். விரல் எண்கள் எழுதிய அந்தப் பேப்பர் இன்னும் லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கிறது.