எடை குறைக்கும் ஊசி: டெலிகிராம் குப்பி, துபாய் பேனா, ஜிம் சிரிஞ்சு, மருந்துச்சீட்டு

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மதியம், தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி எங்கள் மெடிக்கலுக்கு வந்து, "அக்கா, இன்சுலின் சிரிஞ்சு ஒரு அஞ்சு குடுங்க" என்றாள். அவள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்பது எனக்குத் தெரியும். யாருக்கும்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு ஜிப் கவரை எடுத்து வைத்தாள். உள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. அடியில் அழுத்தி வைத்த சுண்ணாம்புத் துண்டு மாதிரி வெள்ளைப் பொடி. லேபிளில் செமாகுளூட்டைட் என்ற பெயர், 5 மி.கி. என்ற எண், அப்புறம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குப் பயன்படுத்த அல்ல. தயாரித்த கம்பெனி பெயர் இல்லை. பேட்ச் நம்பர் இல்லை. எக்ஸ்பயரி தேதி இல்லை.

"டெலிகிராம்ல வாங்கினதுங்க்கா. கல்யாணத்துக்கு நாலு மாசந்தான் இருக்கு."

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உடம்பைப் பற்றி ஊரார் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு வளர்ந்த பெண். எடை குறைய வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. இந்த மருந்தும் பொய் மருந்து அல்ல. 2021-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், வாரம் 2.4 மி.கி. செமாகுளூட்டைட் போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதத்துக்குப் பக்கமாக எடை குறைந்தது. இதே வகையில் இன்னொரு மருந்தான டிர்செபடைடில் அதைவிட அதிகம். குடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன்களைப் போல வேலை செய்து, பசியைக் குறைத்து, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் இவை. வேலை செய்கிற மருந்து என்பதாலேயே, எங்கிருந்து எந்த அளவில் உடம்புக்குள் போகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேரளத்துக்குள் இருந்தாலும் வீட்டில் பேசுவது தமிழ். வேலந்தாவளம் தாண்டினால் கோவை, கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, இந்தப் பக்கம் பாலக்காடு. தெருவுக்கு இரண்டு பேராவது வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். அதனால் இந்த ஊசி எங்களுக்கு நான்கு வழியில் வருகிறது. கேட்கிறவர்கள் எல்லோரும் விலையை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் வேறொன்றை வைத்து ஒப்பிடச் சொல்கிறேன்: ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? விலை குறைந்த வழிகளில் அந்தப் பொறுப்பு மொத்தமும் உங்கள் தலையில் வந்து இறங்குகிறது.

முதலில் அந்தக் குப்பி. கடைகளில் அனுமதியோடு வருகிற மருந்திலும் குப்பி உண்டு. டிர்செபடைடை விற்கும் கம்பெனிப் பெயர் மௌன்ஜாரோ; அது 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது குப்பியாகத்தான் வந்தது. ஆனால் அது திரவம், ஒரு குப்பி ஒரு ஊசிக்கு. நான் விற்ற எடை குறைப்பு ஊசி எதுவும் பொடியாக வந்ததில்லை. பொடியை வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் கலந்து மருந்தைத் தயாரிக்க வேண்டும். தவறு நடக்கிற இடம் அது.

அந்தப் பெண்ணுக்கு விற்றவர் அனுப்பிய மெசேஜில் "2 எம்.எல். தண்ணீர் கலந்து, வாரம் 10 யூனிட்" என்று மட்டும் இருந்தது. கவுன்ட்டரில் பேப்பர் எடுத்து அவளுக்கு எழுதிக் காட்டினேன். 5 மி.கி. பொடியில் 2 மில்லி கலந்தால் ஒரு மில்லியில் 2.5 மி.கி. இருக்கும். 100 யூனிட் சிரிஞ்சில் 10 யூனிட் என்பது 0.1 மில்லி. அதில் 0.25 மி.கி. மருந்து, தொடக்க டோஸ் சரிதான். ஆனால் நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு விற்கிறது. ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு, சிவப்பு மூடி 40 யூனிட்டுக்கு. சிவப்பு மூடியில் அதே 10 என்ற கோட்டுக்கு இழுத்தால் 0.25 மில்லி வந்துவிடும். மருந்து 0.625 மி.கி., தொடக்க டோஸைப் போல் இரண்டரை மடங்கு. அதோடு கை தவறி 2 மில்லிக்குப் பதில் 1 மில்லி தண்ணீர் கலந்திருந்தால் 1.25 மி.கி., அதாவது ஐந்து மடங்கு. அவள் என்னிடம் கேட்டது வெறும் "இன்சுலின் சிரிஞ்சு". எந்த மூடி என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு வகை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இது என் பயம் மட்டும் அல்ல. குப்பியிலிருந்து தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்ட நோயாளிகளில் சிலர் ஐந்திலிருந்து இருபது மடங்கு வரை அதிகமாகப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததைப் பற்றி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில் எச்சரிக்கை விட்டது. இத்தனைக்கும் அங்கே பேசப்பட்டது ஃபார்மஸி கலந்து கொடுத்த மருந்தைப் பற்றி. வீட்டில் கலந்த பொடியைப் பற்றி அல்ல. ஒரு மாத்திரையைத் தவறாகப் போட்டால் ஒரு நாளில் தெளிந்துவிடலாம். செமாகுளூட்டைட் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாந்தி தொடங்கினால் நாள் கணக்கில் நீளும். நீர்ச்சத்து வற்றி சிறுநீரகம் வரை போகும். எடுத்துவிடவோ முறிக்கவோ மாற்று மருந்து கிடையாது.

அப்புறம் அந்தத் தண்ணீர். பல நாள் வைத்துப் பயன்படுத்த, கிருமி வளராமல் தடுக்கும் பென்சைல் ஆல்கஹால் சேர்த்த தண்ணீர் வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டால் கிடைப்பது ஊசிக்கான சாதா ஸ்டெரைல் வாட்டர். அது ஒரு தடவை திறந்து பயன்படுத்தி எறிய வேண்டியது. அதில் கலந்து ஃப்ரிட்ஜில் மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒரு மாதம் வைத்து, வாரா வாரம் ரப்பர் மூடியில் ஊசி குத்தினால், மருந்தோடு கிருமியும் உள்ளே போகலாம்.

விற்கிறவர்கள் லேப் ரிப்போர்ட் காட்டுவார்கள். அவளும் போனில் காட்டினாள், சுத்தம் 99 சதவீதம் என்று. அந்தச் சோதனை சொல்வது, பொடியில் இருக்கும் பொருளில் எவ்வளவு பங்கு அந்த மருந்து என்பதை மட்டும். கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. செத்த பாக்டீரியாவின் மிச்சமான எண்டோடாக்சின் இருக்கிறதா என்றும் சொல்லாது. அது இரத்தத்தில் கலந்தால் குளிரும் காய்ச்சலுமாகத் தூக்கிப் போடும். கொதிக்க வைத்தாலும் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரிப்போர்ட்டில் இருக்கும் குப்பியும் கையில் இருக்கும் குப்பியும் ஒன்றுதானா? பேட்ச் நம்பரே இல்லாத குப்பியை எந்த ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பார்ப்பது?

அதே குரூப்பில் ரெட்டாட்ருடைடும் விற்கிறார்கள். கண்டுபிடித்த கம்பெனியே இன்னும் ஆய்வில் வைத்திருக்கும் மருந்து அது. கடைக்கே வராத மருந்து டெலிகிராமில் கிடைக்கிறது என்றால், அதை யார், எந்த அறையில் வைத்துச் செய்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

இரண்டாவது வழி, துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ வருகிற பேனா. இதை நான் குப்பியோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மச்சானோ மாமாவோ அங்கே ஃபார்மஸியில் பில் போட்டு வாங்கியது என்றால் மருந்து பெரும்பாலும் அசல்தான். பிரச்சினை பயணத்தில். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியில் வைக்கலாம் என்று கம்பெனியே நாள் கணக்குக் கொடுத்திருக்கிறது. மௌன்ஜாரோவுக்கு 21 நாள், செமாகுளூட்டைட் பேனாவான வீகோவிக்கு 28 நாள். ஆனால் அதுவும் 30 டிகிரிக்குள். பாலக்காட்டுக் கணவாயில் சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கி, காரின் டிக்கியில் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் வந்த பேனா என்ன சூட்டைப் பார்த்திருக்கும்? ஐஸ் கட்டிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் ஆகாது. ஒருமுறை உறைந்துபோன மருந்தை எறியத்தான் வேண்டும். கெட்டுப்போன மருந்தும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம்.

அது மச்சான் கையால் வாங்கியது இல்லை, "மச்சானுக்குத் தெரிந்தவர்" கொண்டு வந்து பில் இல்லாமல் விற்பது என்றால் கதை வேறு. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில், போலி ஓசெம்பிக் (இதுவும் செமாகுளூட்டைட் பேனாதான்) என்று சந்தேகிக்கப்பட்ட பேனாவைப் போட்டுக்கொண்டவர்கள் சர்க்கரை தாழ்ந்து, வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பேனாவுக்குள் இன்சுலின் இருந்திருக்கும் என்றே அந்த நாட்டு மருந்துத் துறை சந்தேகித்தது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் போலி பேட்ச்கள் பிடிபட்டதைச் சொல்லி உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. அதில் ஒரு அடையாளமும் கொடுத்திருந்தார்கள்: டோஸைத் திருப்பும்போது அளவுகோல் பேனாவை விட்டு வெளியே நீண்டு வந்தால் அது ஓசெம்பிக் அல்ல. சர்க்கரை இல்லாத ஒருவர் எடைக்காக இன்சுலின் போட்டுக்கொண்டால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் போகலாம்.

மூன்றாவது, ஜிம்மிலும் அழகு நிலையத்திலும் சிரிஞ்சில் நிரப்பிக் கொடுப்பது. இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. குப்பியில் லேபிளாவது இருந்தது, இதில் அதுவும் இல்லை. யார் நிரப்பினார், எதிலிருந்து, என்றைக்கு, ஒரே குப்பியை எத்தனை பேருக்குப் பிரித்தார் என்று எதுவும் தெரியாது. நான்கு வழியிலும் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். முகம் தெரிந்த ஒருவர் நல்ல எண்ணத்தோடு கொடுப்பதால் யாரும் கேள்வியே கேட்பதில்லை.

நான்காவது வழி, டாக்டரின் மருந்துச்சீட்டோடு மெடிக்கலில் வாங்குவது. அதன் குறைகளையும் சொல்கிறேன். பணம் அதிகம். மௌன்ஜாரோ வந்த புதிதில் 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், மாதத்துக்கு நாலு, ஆக 14,000. தோட்ட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிற குடும்பத்திடம் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. டெலிகிராம் பக்கம் சனம் போனதற்குக் காரணம் இந்த விலைதான். ஆனால் செமாகுளூட்டைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சோடு முடிந்து, உள்நாட்டுக் கம்பெனிகள் தயாரிப்பதற்கு இருந்த தடை விலகிவிட்டது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு குப்பி தேடாதீர்கள். இன்றைய விலையை மெடிக்கலில் கேளுங்கள், கேட்பதற்குக் காசு இல்லை.

டாக்டரிடம் போனால் இரத்தம் எடுக்கச் சொல்வார், தள்ளிப்போடுவார், சில சமயம் "உங்களுக்கு இது வேண்டாம்" என்பார். பொதுவாக இந்த ஊசியை எழுதுவது பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு, அல்லது 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, பிரஷர் மாதிரி வேறு பிரச்சினையும் இருப்பவர்களுக்கு. கல்யாணத்துக்கு ஆறு கிலோ குறைய வேண்டும் என்பவருக்கு எழுத மாட்டார்கள். எழுதினாலும் 0.25 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு படி என்று மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். நாலு மாதத்தில் அதிசயம் எதுவும் நடக்காது. நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் டாக்டர் கேட்கும் கேள்விகளை டெலிகிராமில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்ததா? கணைய வீக்கம் வந்ததுண்டா, பித்தப்பைக் கல் உண்டா? சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறீர்களா? அதோடு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது இன்னொரு கேள்வி: "கல்யாணம் முடிஞ்சு குழந்தைக்கு எப்ப பாக்கறீங்க?" அவள் சிரித்துவிட்டு, "அத்தை வீட்ல உடனேன்னு சொல்றாங்க்கா" என்றாள். கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது. செமாகுளூட்டைடைக் கருத்தரிக்க இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் என்றால் கருத்தடை மாத்திரையின் வேலையையே குறைத்துவிடலாம். குப்பி விற்றவருக்கு அவளுடைய கல்யாணத் தேதியே தெரியாது.

பில்லையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். மெடிக்கல் பில்லில் பேட்ச் நம்பர் இருக்கும். மருந்தில் கோளாறு என்றால் அந்த நம்பரைப் பிடித்து எங்கள் கடை, டிஸ்ட்ரிபியூட்டர், கம்பெனி வரை போக முடியும். மருந்து ஆய்வாளர் வந்து எங்கள் ஃப்ரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டைக் கேட்டால் நான் காட்டியாக வேண்டும். டெலிகிராம் கணக்கு ஒரு இரவில் காணாமல் போகும்.

சிரிஞ்சு நான் கொடுக்கவில்லை. பேப்பரில் போட்ட கணக்கை மடித்து அவள் கையில் கொடுத்தேன். பாலக்காட்டில் உட்சுரப்பியல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். குப்பியை அவள் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போனாள். வேறு கடையில் சிரிஞ்சு வாங்கியிருக்கவும் முடியும். அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. அதனால் குப்பியோ, பில் இல்லாத பேனாவோ, ஜிம் சிரிஞ்சோ ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த டோஸைப் போடாதீர்கள். வாந்தி நிற்கவில்லை, மேல் வயிற்றில் முதுகுக்குப் பாயும் வலி, குளிர் காய்ச்சல், போட்ட இடம் சிவந்து வீங்குவது என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குப்பி, பேனா, சிரிஞ்சு, விற்றவரின் மெசேஜ் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். வெட்கப்பட்டு "ஃபுட் பாய்சன்" என்று சொன்னால் அவர்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். மருந்தால் வந்த பாதிப்பைச் சொல்ல 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. போன் பேசத் தயக்கமாக இருந்தால் எந்த மெடிக்கலிலும் சொல்லலாம். எங்கள் கடை இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கும்.