ஒன்றரை அடிச் சாய்தளம்

பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலை. அத்தை இருக்கும் முதியோர் இல்லத்தின் கேட்டுக்கு முன்னால் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையைச் செருப்புக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். கூட வர வேண்டிய ஆள் லீவாம், கொஞ்சம் பிடிங்க சார் என்று அவர்தான் கேட்டார். சாக்கடை ஸ்லாபைத் தாண்டி ரோட்டுக்குள் சாய்தளம் ஒன்றரை அடி வந்திருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டு, "ஆக்கிரமிப்புத்தானுங்க சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். சொன்ன குரலில் சங்கடம் இருந்தது.

ஊர் கோவைப் பக்கம். அதற்கு மேல் எந்த வார்டு, எந்தத் தெரு என்று எழுதப்போவதில்லை. இல்லம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, எட்டுப் பேர் அங்கே தூங்கி எழுந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் கலிபோர்னியாவுக்குப் போய் இருபத்திரண்டு வருஷம். ஊருக்கு வந்தால் பல் டாக்டர், பேங்க்கில் கேஒய்சி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று நாள் ஓடிவிடும். இந்த முறை ஐந்து வாரமும் ஒரே வேலை. அப்பாவின் அக்காவுக்கு 81 வயது. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாமா சின்ன வயதிலேயே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நான் இன்ஜினியரிங் படித்தது அவர் சம்பளத்தில். ஐப்பசியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அப்புறம் ஏஜென்சி மூலம் வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்தோம். இரண்டு மாதத்தில் நாலு பேர் மாறினார்கள். கடைசியாக வந்த பெண் நல்ல மாதிரி. ஆனால் சொந்த ஊரில் அவள் அம்மாவுக்கே உடம்பு சரியில்லாமல் போய், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கிளம்பிவிட்டாள். அவளை என்ன சொல்வது?

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13.6 பேர் என்று 2021-ல் வந்த மத்திய அரசின் புள்ளிவிவரம். மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். அதற்குத் தகுந்தாற்போல் கோவையைச் சுற்றி முதியோருக்கென்றே வளாகங்கள் முளைத்திருக்கின்றன. இரண்டைப் போய்ப் பார்த்தேன். புல்தரை, தியான மண்டபம், பேட்டரி வண்டி எல்லாம் சுத்தம். ஆனால் அங்கே வீட்டை விலைக்கு வாங்க வேண்டும், முதலில் தன் காலில் நடக்க வேண்டும். அத்தைக்கு இரண்டும் ஆகாது. "இவ்வளவு தூரத்துல கொண்டாந்து விட்டா என்னைப் பாக்க யாரு கண்ணு வருவாங்க, மயிலா?" என்றார். அங்கே மயில் நிறைய.

கடைசியில் கிடைத்தது அவர் குடியிருந்த வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவில். கீழே ஐந்து பேர், மேலே நடக்க முடிந்த மூன்று பேர், எல்லோரும் பெண்கள். நடத்துகிற அம்மா முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். மாதம் 28,000 ரூபாய், மூன்று மாத அட்வான்ஸ். டயப்பர், பிசியோதெரபி தனி. காலையில் ராகிக் கஞ்சி, மதியம் பன்னிரண்டரைக்கெல்லாம் சாப்பாடு, வியாழக்கிழமை கட்டாயம் கொள்ளு ரசம். ராத்திரி டியூட்டிக்கு ஒரு பெண் விழித்திருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் பதினொன்றரை மணிக்கு ஒருநாள் போய்ப் பார்த்தேன், விழித்துத்தான் இருந்தாள்.

அத்தையைச் சேர்த்த ஆறாம் நாள், இல்லத்துக்கு எதிராக உள்ளாட்சிக்கு மனு போயிருக்கும் விஷயம் தெரிந்தது. தெருவில் 23 பேர் கையெழுத்து. குடியிருப்புப் பகுதியில் அனுமதியில்லாமல் 'மருத்துவ நிறுவனம்' நடக்கிறது, ஆம்புலன்ஸ் சத்தம், வண்டி நிறுத்த இடமில்லை, குழாய்த் தண்ணீரை அவர்களே பிடித்துவிடுகிறார்கள், பாதையை ஆக்கிரமித்திருக்கிறார்கள். சாய்தளம் அதில் ஐந்தாவது.

எதிர் வீட்டு அம்மாவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நேரே போய்க் கேட்டேன். காபி கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"தப்பா நெனைக்காத தம்பி. உங்கத்தை எனக்கு அஞ்சாப்பு டீச்சர். ஆனா போன வருஷத்துல மூணு தடவ ஃப்ரீசர் பாக்ஸ் வந்துருச்சு. எம்பொண்ணப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த அன்னிக்கும் வாசல்ல பாக்ஸ் எறங்குது. அவங்க கார்லயிருந்து எறங்கவே யோசிச்சாங்க. அத நான் மனுவுல எழுத முடியுமா?"

முடியாது. அதனால்தான் பார்க்கிங், தண்ணீர் என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்த் தெருவில் ஒரு சாவு என்றால் எடுக்கும் வரை நல்ல காரியம் எதுவும் நகராது, பக்கத்து வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக்கூட யோசிப்பார்கள். வீட்டுக்கு வீடு எப்போதோ வருகிற சாவு ஒரே வாசலில் வருஷத்துக்கு மூன்று என்றால் அந்தத் தெருக்காரர்களின் நிலையும் கஷ்டம்தான். அந்த அம்மாவை மனசாட்சி இல்லாதவர் என்று என்னால் எழுத முடியவில்லை.

எழுத முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு கலிபோர்னியாவில் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு விற்றுப்போனது. வாங்கியவர்கள் அதில் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. வீட்டு விலை விழும், பார்க்கிங் போகும். வாசித்துப் பார்த்துவிட்டு நானும் கையெழுத்துப் போட்டேன். நகராட்சியிலிருந்து ஒரு பக்கத்தில் பதில் வந்தது. ஆறு பேர் வரை இருக்கும் முதியோர் பராமரிப்பு வீட்டை, ஒரு குடும்பம் வாழும் வீட்டைப் போலவே உள்ளாட்சி பார்க்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தனி அனுமதி வாங்கு என்று கேட்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது, வணக்கம். அவ்வளவுதான். இல்லம் வந்தது. வீட்டு விலை விழவில்லை, வழக்கம்போல் ஏறியது. உரிமம், சோதனை எல்லாம் மாநிலச் சமூக சேவைத் துறை பார்க்கிறது. சோதனையில் கண்ட குறைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம்.

அமெரிக்காவிலும் இதெல்லாம் சும்மா கிடைத்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டெக்சாஸில் கிளீபர்ன் என்று ஓர் ஊர். மனவளர்ச்சி குன்றிய 13 பேருக்கு ஒரு வீடு எடுக்கப்போனார்கள். சிறப்பு அனுமதி வேண்டும் என்றது ஊர் கவுன்சில். கேட்டதும் மூன்றுக்கு ஒன்று என்று ஓட்டுப்போட்டு மறுத்தது. அக்கம்பக்கத்தார் பயப்படுகிறார்கள், எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, அந்த நிலம் ஐந்நூறு வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய இடம் என்றெல்லாம் காரணங்கள். அதே மனையில் சாதாரண நர்சிங் ஹோமோ தங்கும் விடுதியோ வந்தால் அந்த அனுமதி தேவையில்லை, வெள்ளமும் வராது போலிருக்கிறது. 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு செல்லாது என்றது. மூன்று வருஷம் கழித்து, 1988-ல், உடற்குறை உள்ளவர்களுக்கு வீட்டு விஷயத்தில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று மத்தியச் சட்டமும் வந்தது.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏகப்பட்டது இருக்கிறது. ஒரே வீட்டை ஒவ்வொரு கவுன்டரும் ஒவ்வொரு பெயரில் கூப்பிடுகிறது, அதுதான் தொல்லை. இல்லத்தை நடத்துகிற அம்மாவுக்காக ஐந்து நாள் அலைந்தேன், என் அனுபவத்தில் சொல்கிறேன். மின்வாரியக் கட்டண அட்டவணையில் வீடு, கைத்தறி ஆகியவற்றோடு ஒன்று-ஏ என்ற வரிசையிலேயே முதியோர் இல்லமும் இருக்கிறது. ஆக, மின்வாரியத்துக்கு அது வீடு. சொத்து வரிக்காரர் போன வருஷம் வந்து பார்த்துவிட்டு வணிகக் கட்டடம் என்று மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். ஜிஎஸ்டியில், வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தினால், 60 வயதுக்கு மேற்பட்டவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு 2018 முதல் விலக்கு உண்டு. இந்த அம்மாவிடம் அறக்கட்டளை இல்லை, விலக்கும் இல்லை. சமூக நலத்துறையில் பதிவுக்குப் போட்ட விண்ணப்பம் நிலுவையில். அங்கே தீயணைப்புத் துறைச் சான்று கேட்டிருக்கிறார்கள். அதற்குக் கட்டட அனுமதி வரைபடம் வேண்டும். வரைபடத்தில் இருப்பதோ 'குடியிருப்பு' என்ற ஒரே வார்த்தை.

நகரமைப்புப் பிரிவில் இருந்த இளைஞர் பொறுமையானவர். உட்காரச் சொல்லி, 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். எந்த நிலப் பயன்பாட்டு மண்டலத்தில் எது வரலாம், அதற்கு ரோடு எத்தனை அகலம் வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. "உங்க கேஸ்ல பிரச்சனை என்னன்னா சார், இதை ஹாஸ்டல் மாதிரி பாக்கறதா, நர்சிங் ஹோம் மாதிரி பாக்கறதா, வீடாவே விட்டுடறதா. மனு வராத வரைக்கும் நாங்க எதுவும் பாக்கல. மனு வந்துட்டா ஏதோ ஒண்ணுன்னு எழுதித்தான ஆகணும்." கோவைக்கு அப்போது நடைமுறையில் இருந்தது 1994-ன் மாஸ்டர் பிளான். 2041 வரைக்குமான வரைவு 2024-ல் வெளியாகி ஆட்சேபணைகள் வாங்கியிருந்தார்கள். அவர் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். ஆறோ, எட்டோ, பத்தோ, இத்தனை பேர் வரை வீடுதான் என்று விதியில் ஓர் எண் இருந்திருந்தால் அவர் தலையில் இந்த முடிவு வந்திருக்காது, எதிர் வீட்டு அம்மாவும் பேனாவை எடுத்திருக்க மாட்டார். ஆனால் கலிபோர்னியாவில் அந்த எண்ணுக்குப் பின்னால் சோதனைக்கு வருகிற ஆள் இருக்கிறார். எண்ணை மட்டும் கொண்டுவந்துவிட்டு ஆளைக் கொண்டுவராவிட்டால் வினைதான். 2023-ல் விழுப்புரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு காப்பகத்தில் இருந்தவர்கள் துன்புறுத்தப்பட்டதாகவும் சிலர் காணாமல்போனதாகவும் செய்திகளில் வந்ததெல்லாம் பலருக்கு நினைவிருக்கும்.

சாய்தளத்துக்கு வருகிறேன். சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. இந்த வீட்டு வாசல் ரோட்டிலிருந்து இரண்டடி உயரம். தார் மேல் தாராகப் போட்டு ரோடு ஏற ஏற மழைத்தண்ணி உள்ளே வருமே என்று நாம் எல்லோரும் வீட்டைத் தூக்கிக் கட்டுகிறோம். இரண்டடிக்கு இருபத்துநாலு அடி வேண்டும். படிக்கும் கேட்டுக்கும் இடையில் இருப்பது ஏழடி. மேஸ்திரி தன் கணக்குக்கு ஒன்பதடியில் செங்குத்தாகப் போட்டுவிட்டார். ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறக்கும்போது பின்பக்கமாக இறக்க வேண்டும். ஆக, ரோட்டுக்கு அது நீளம் அதிகம், நாற்காலிக்கு நீளம் போதாது. அளந்த ஆளிடம் இதைச் சொன்னேன். "அப்ப வீட்டுக்குள்ளயே வளைச்சு எடுங்க சார்" என்றார். நல்ல யோசனை. காம்பவுண்டு ஓரமாக வளைத்து எடுத்தோம். பவழமல்லி ஒன்று போயிற்று. வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நானே நின்று இடிக்க வைத்தேன். ஒரு நாள் கூலி, 900 ரூபாய். எதிர் வீட்டு அம்மாவின் பையன் வந்து மண்ணை அள்ளிப் போட உதவினான். மனுவை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

ஜனவரி கடைசியில் பகுதி சபை. நகர்ப்புறங்களிலும் கிராம சபை மாதிரி ஒன்று வேண்டும் என்று 2022 நவம்பரில் தொடங்கியது. சமுதாயக் கூடத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, முப்பது பேர். கவுன்சிலர் அம்மா மேடையில் இருந்தார், பதில் சொன்னது அவர் வீட்டுக்காரர். தெருநாய் அரை மணி நேரம், சாக்கடை இருபது நிமிஷம், முதியோர் இல்லம் நாலு நிமிஷம். "விசாரித்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதிக்கொண்டார்கள். அத்தை வருகிறேன் என்றுதான் கிளம்பினார். கூடத்து வாசலில் மூன்று படி, சாய்தளம் கிடையாது. திரும்பிக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

கூட்டம் முடிந்ததும் கவுன்சிலரின் வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்தேன். மறைக்காமல் பேசுகிற மனிதர். "அண்ணா, எனக்கும் அந்தப் பெரியம்மாக்கள் மேல வருத்தமா? ஆனா கையெழுத்துப் போட்ட இருவத்தி மூணு பேரும் இந்த வார்டு ஓட்டு. உள்ள இருக்கறவங்கள்ல ஒருத்தருக்காச்சும் இங்க ஓட்டு இருக்குதா?"

இதை அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. சாயங்காலம் ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டே கேட்டார், அப்புறம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் போனபோது மடியில் பரீட்சை அட்டை. முகவரி மாற்றத்துக்கான படிவம் 8-ஐ நடத்துகிற அம்மாவின் மகனிடம் சொல்லி பிரின்ட் எடுக்க வைத்திருந்தார். தன்னுடையதை நிரப்பியாயிற்று, பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் கையெழுத்து, ஓர் எழுத்து கோட்டைத் தாண்டவில்லை. முகவரிக் கட்டத்தில் இல்லத்தின் கதவு எண், தெருப் பெயர்.

"எட்டுப் பேர்த்துல ஏழு பேர் சம்மதம். கடேசி ரூம் அம்மா மட்டும் மகனைக் கேக்கோணும்ங்கறாங்க."

"இருவத்தி மூணுக்கு ஏழு பத்தாதுங்களே அத்தை" என்றேன் சிரித்துக்கொண்டே.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இதே வார்டுல, தண்ணித் தொட்டிக்குப் பின்னால இன்னொரு இல்லம் இருக்குதாமா. நாளைக்குக் காத்தால அங்க போயி எத்தன பேருன்னு எண்ணிட்டு வா கண்ணு. வர்றப்ப படிவம் ஒரு இருவது பிரின்ட் எடுத்துட்டு வா."