வைத்தீஸ்வரன் கோயிலில் ஏடு பார்த்த கதை

தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவள் நான். எட்டு மாதமாக ஆர்டர் இல்லை. வாங்கி வைத்த தங்க ரேக்கு பீரோவிலேயே கிடந்தது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று சீர்காழி பக்கம் பஸ் ஏறினேன். செவ்வாய்த் தலம் என்பதால் முதலில் அங்காரகனைக் கும்பிட்டுவிட்டு பெருவிரல் ரேகையை வைத்து நமக்கான ஓலைச்சுவடியைத் தேடிப் பலன் சொல்லும் நாடி ஜோதிட நிலையத்துக்குப் போனேன்.

பெண்களுக்கு இடது பெருவிரல் ரேகை, ஆண்களுக்கு வலது. அதைக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அப்புறம் ஏடு படிப்பவர், "அப்பா பேர் நாலெழுத்தாம்மா? கடைசியில் ‘ன்’ வருமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஆமாம், இல்லை என்று நான் சொல்லச் சொல்லத்தான் பெயர் உருவாயிற்று. இதில் என்ன அதிசயம்! பொதுப்பலன் சொல்லும் பொதுக்காண்டம் முடிந்ததும் பரிகாரக் காண்டத்துக்குத் தனிக்காசு கேட்டார்கள். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

ஆனால் அவர் பாட்டை ராகமாக இழுத்துப் படித்தபோது ஓலையைக் கிட்டத்தில் பார்த்தேன். எழுத்தாணியால் கீறியது, மை தடவிக் கறுத்திருந்தது. எழுத்துகளில் புள்ளியே இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியுமே! ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எறும்பு வரிசை மாதிரி போயின. திரும்பும் வழியில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அப்படியே வரைந்து பார்த்தேன். இப்போது ஒரு கிருஷ்ணர் படத்துக்கு அதுதான் ஓரக்கரை.

பலனுக்கு இரண்டு நட்சத்திரம், ஓலைக்கு ஐந்து. போகிறவர்கள் கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.