பகடையில் கள்ளம் இருக்கிறதா? கம்ப்யூட்டரோடு பேக்கேமன்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஆதார், பாஸ்புக் என்று கூட்டம் நெரியும். மத்தியானம் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்துக்கென்று பிடித்ததுதான் பேக்கேமன். நெட்டில் மனுசர்களோடு ஆடினால், பாதி ஆட்டத்தில் "அண்ணே, முன்னாடி பின்னாடி ரெண்டும் எடுங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள். எடுத்துக் கொடுத்துத் திரும்புவதற்குள் நேரம் முடிந்து தோல்வி என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் என்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

தாயம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆளுக்கு 15 காய், 24 முக்கோணக் கட்டம், ஆறுமுகப் பகடை இரண்டு. ஒற்றையாக நிற்கும் காயை வெட்டலாம். இரண்டு சேர்ந்து நின்றால் வீடு. எதிராளி அங்கே கால் வைக்க முடியாது. வெட்டுப்பட்ட காய் நடுப்பலகையில் உட்கார்ந்திருக்கும், எதிராளியின் கோட்டைக்குள், அதாவது அவர் காய்கள் கடைசியாக வந்து சேரும் ஆறு கட்டத்துக்குள், இடம் கிடைத்தால்தான் மறுபடி இறங்கும். இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் நாலு நகர்த்தல். எல்லாக் காயையும் முதலில் பழமாக்கியவர் ஜெயித்தார்.

முதலில் போனில் ஒரு இலவச ஆப். பெயர் வேண்டாம், அந்த மாதிரி நிறைய இருக்கின்றன. ஆட்டத்துக்கு ஆட்டம் விளம்பரம், அதுவும் மூடுகிற பொத்தானைத் தேட வேண்டிய வகை. அதைக்கூடப் பொறுக்கலாம். நாம் தோற்றால் ஏன் தோற்றோம் என்று ஒரு வார்த்தை சொல்லாது. கீழே கருத்துப் பகுதியில் பாதிப் பேர் "பகடையில் ஏமாத்துறான்" என்று திட்டி வைத்திருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தேவைப்படும்போதெல்லாம் அதற்கு ஜோடி விழுகிறதே!

அதற்கப்புறம்தான் குனு பேக்கேமன். காசில்லை, விளம்பரமில்லை, கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது, ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட்டும் வேண்டாம். இதில் என்னைக் கவர்ந்தது ஒரு சின்ன வசதி. பகடையை அது உருட்ட வேண்டாம், நானே உருட்டுகிறேன் என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். விழுந்த எண்ணை மட்டும் நாம் சொன்னால் போதும், அதன் பங்குக்கும் சேர்த்து.

அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சேடபட்டி பக்கத்து ஆள், தாயத்தில் இன்றைக்கும் தெருவில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. பிள்ளைகளின் லூடோ டப்பாவிலிருந்து எடுத்த பகடை, உருட்டுவதற்கு ஒரு ஏ4 பேப்பர் கட்டு. கம்ப்யூட்டருக்கு அம்மா போட்டார், எனக்கு நான். என் ஒற்றைக் காய் மாட்டிக்கொண்ட நேரத்தில் அம்மா இரண்டு கையையும் சேர்த்துக் குலுக்கி விட்டார் பாருங்கள், பகடை கட்டின் ஓரம் வரை உருண்டு போய் ஆறும் ஒன்றுமாக நின்றது. வெட்டு. "ஏன்டா, நான் போட்டாலும் அதுக்குத்தான் விழுகுது!"

சூட்சுமம் அங்கேதான். அது ஒரு குறிப்பிட்ட எண்ணை எதிர்பார்த்து நிற்பதில்லை, எது விழுந்தாலும் வேலைக்காகும்படி காயை வைக்கிறது. இரண்டு பகடை விழுகிற விதம் மொத்தம் 36. நம் ஒற்றைக் காய் ஆறு கட்டம் தள்ளி நின்றால், அதில் 17 விதத்தில் வெட்டு விழலாம். ஏழாவது கட்டத்தில் நின்றால் 6தான். ஒரே கட்டம்! நாம் கண்ணை மூடிக்கொண்டு ஆறில் நிற்போம், அது ஏழில் நிற்கும். தன் கோட்டையில் ஐந்து வீடு கட்டிவிட்டதென்றால், வெட்டுப்பட்ட காய் 36ல் 25 தடவை உள்ளே வராது. வெளியே உட்கார்ந்துகொண்டு பகடையைத் திட்டுகிற கூட்டத்தில் பெரும்பகுதி இந்தக் கேஸ்தான்.

பகடையின் பங்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1979ல் மான்டி கார்லோவில் உலக சாம்பியன் லூயிஜி வில்லாவை ஒரு கம்ப்யூட்டர் நிரல் 7-1 என்று அடித்தது. பகடை கைகொடுத்தது என்று அதை எழுதிய ஹான்ஸ் பெர்லினரே ஒப்புக்கொண்டார். 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜெரால்டு டெசாரோ செய்த டிடி-கேமன் வேறு ரகம்; தன்னோடு தானே லட்சக்கணக்கில் ஆடிக் கற்றுக்கொண்டது. அது ஆடிய விதத்தைப் பார்த்துப் பெரிய ஆட்டக்காரர்களே சில தொடக்க நகர்த்தல்களை மாற்றிக்கொண்டார்கள். குனுவும் அந்த வழி வந்ததுதான்.

ஆட்டம் முடிந்ததும் அலசச் சொன்னால், எந்த நகர்த்தல் சொதப்பல், அதனால் எவ்வளவு நஷ்டம் என்று ஒவ்வொன்றாகப் பிட்டு வைக்கிறது. பகடை யாருக்குச் சாதகமாக விழுந்தது என்றும் தனியாகக் கணக்குக் காட்டும். ரொம்ப மோசமாக விழுந்திருந்தால் 'போய்த் தூங்கு' என்று ஆங்கிலத்தில் நக்கல் வேறு. இலவச ஆப்களில் இப்படி ஒரு பக்கம் இருந்தால் பாதித் திட்டு குறைந்திருக்கும்.

பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கட்டையும் இதில் உண்டு. 2, 4, 8 என்று 64 வரை. எதிராளி இரட்டிப்பாக்கினால் ஏற்பதா, விடுவதா? விட்டால் ஒரு பாயிண்டோடு ஆட்டம் முடியும், ஏற்றால் இரண்டு பாயிண்டுக்கு ஆட வேண்டும். நாலு ஆட்டமும் விட்டுக்கொடுத்தால் நாலு பாயிண்ட் போச்சு. நாலையும் ஏற்று, மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால் ஆறு போய் இரண்டு வரும், அதே நாலு. ஆக, நாலில் ஒரு பங்காவது ஜெயிக்க வழியிருந்தால் ஏற்கலாம். இந்தக் கணக்கு மண்டையில் ஏறியதும் என் ஆட்டமே மாறிவிட்டது.

குறை என்றால் முகப்பு. இருபது வருசத்துக்கு முந்தின ஆபீஸ் சாஃப்ட்வேர் மாதிரி ஒரே மெனு மயம். எனக்குக் கிடைத்தது எல்லாம் ஆங்கிலம். அலசல் பக்கத்தில் கொட்டிக் கிடக்கும் எண்களைப் பார்த்தால் முதல் நாள் மூடிவிடத் தோன்றும். போனில் ஆட மட்டும் விரும்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

புதிதாக இறக்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கிராண்ட்மாஸ்டர் மட்டத்தை வைக்காதீர்கள், நொந்துபோவீர்கள். கேஷுவல் ப்ளே மட்டம் போதும். டியூட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். மோசமாக நகர்த்தப் போகும்போதே நிறுத்தி, நிஜமாகவே இதைத்தான் ஆடப் போகிறாயா என்று கேட்கும். எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் ஒரு மாசம் அணைக்காதீர்கள்.